ஏழு மைல் ஓடையில் ஜாய்லீன் சொல்லாதது

ஜாய்லீன் அக்கா ரயில் கம்பெனி வேலையில் சேர்ந்தபோது ஊரில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். இருபது வருடம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள், நாற்பத்தாறு வயதில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் பழங்குடி ஜனத்துக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று பேசும் வேலையை ஏற்றுக்கொண்டாள். நான் அவளுடைய சித்தி மகள். என் வாய் சும்மா இருக்குமா?

“ரயில் பாதைக்கு மேப்புல கோட்டைப் போட்டுட்டு அப்புறம் நம்மளைக் கேக்க வரானுங்க. நீ பக்கத்துல நின்னு சாண்ட்விச் நீட்டப் போறியா?”

“நீட்டுறேன். அந்தக் கோடு நம்ம ஓடையை விட்டுத் தள்ளிப் போகுதான்னும் பாக்குறேன். நீ தின்னுட்டுப் பேசாம கெட,” என்றாள்.

ஏழு மைல் ஓடைக் கரையில் பெண்களுக்கு மட்டுமான இடம் ஒன்று, ஒன்பது பழைய மரங்களோடு இருந்தது. அது என்ன இடம் என்பதை ஆண்கள் காதில் போடக் கூடாது. இதை ஆண்களும் படிப்பார்கள் என்பதால் நானும் எழுதப்போவதில்லை. முதல் கூட்டத்துக்கு வந்த இன்ஜினியர்கள் அத்தனை பேரும் ஆண்கள். முக்கியமான இடம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜாய்லீன்தான் மல்லுக்கட்டி, பெண்கள் மட்டும் கூடும் கூட்டம் ஒன்றுக்குச் சம்மதம் வாங்கினாள். சிட்னியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவார், எங்கள் பெண்களில் மூத்தவரான ஐவி பெரியம்மா அவரிடம் சொல்வார் என்று ஏற்பாடு. ஆட்சேபம் சொல்ல இருபத்தெட்டு நாள் கெடு.

அந்தக் கூட்டம் நடக்கும் முன்பே, ஐந்தாம் நாள் ஐவி பெரியம்மாவின் மகன் நெஞ்சுவலியில் போய்விட்டான். எங்களிடம் சாவு விழுந்தால் எல்லாம் நிற்கும். தூரத்துச் சொந்தமெல்லாம் வந்து சேர்ந்து அடக்கம் முடிய வாரக்கணக்காகும்; அதுவரை வேறு பேச்சே கிடையாது. ஜாய்லீன் மேலாளரிடம் போய், “எங்க வீட்ல துக்கம்,” என்றாள். அவரும் வருத்தம் தெரிவித்து லீவு கொடுத்தார். கெடுவின் நாள் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். சாவைச் சொன்ன வாயால் அதையும் எங்களில் யார் கேட்போம்? துக்கம் என்று சொன்னாலே போதும் என்றுதான் அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

இருபத்தாறாம் நாள் அடக்கம். முப்பதாம் நாள் காலையில் மரம் வெட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது ஐந்து மரங்கள் சாய்ந்து கிடந்தன. மேஸ்திரி கிரேக் நல்ல மனுஷன். எங்களைப் பார்த்ததும் ரம்பத்தை நிறுத்தச் சொன்னார்.

“ஆட்சேபம் எதுவும் வரலன்னுதாங்க பேப்பர் குடுத்தாங்க. இங்க என்ன இருக்கு? காரணத்தை ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே போன் போட்டு நிறுத்திடறேன். சும்மா நிறுத்தினா என் வேலை போயிடும்.”

“உங்க ஆளுங்கள்ல பொம்பளை யாராவது இருக்காங்களா?”

“இன்னிக்கு யாரும் இல்லையே.”

ஜாய்லீன் பெண் அதிகாரிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி. கிரேக் அரை மணி நேரம் காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

“சொல்லித் தொலையேன்க்கா,” என்று நான் அவள் கையைக் கிள்ளினேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் ரம்பம் மறுபடி ஓடியது.

அன்று சாயங்காலம் ஐவி பெரியம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“அந்த ஆளு கேட்டானாமே. சொன்னியா?”

“சொல்லல பெரியம்மா.”

“நல்ல பொண்ணு.” பெரியம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க பெரியம்மா. நாங்க போனப்ப இன்னும் நாலு மரம் நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். என்னைத் திட்டுங்க பெரியம்மா, திட்டுங்க!”

பெரியம்மா திட்டவில்லை. “நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு,” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.