வீரமலை வழிமொழிந்த தீர்மானம்

முசிறிப் பக்கத்திலிருந்து வந்து உறையூர்க் கடைத்தெருவில் கயிற்றுக்கடை போட்டவர் வீரமலை. கணீரென்ற குரல். கடைக்காரர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் தீர்மானத்தை முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஐம்பதுகள் முழுக்க அந்த இன்னொருவர் அவர்தான். தெருவிளக்கு கேட்டாலும், இறந்தவருக்கு இரங்கல் சொன்னாலும், "வழிமொழிகிறேன்" என்று எழுந்துவிடுவார். எதை என்று பிறகுதான் விசாரிப்பார் என்பது கடைத்தெருவின் கேலி.

1962 நவம்பரில் அப்படி இல்லை. தெரிந்தேதான் எழுந்தார்.

சீனப் படையை விரட்டும்வரை ஓயமாட்டோம் என்று டெல்லியில் பாராளுமன்றமே எழுந்து நின்று தீர்மானம் போட்ட வாரம் அது. சங்கமும் சும்மா இருக்கவில்லை. சீனப் பொருளை விற்பதில்லை, சீனரோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்று எழுதினார்கள். கடைத்தெரு முழுக்கத் தேடியதில் சீனப் பொருள் என்று சில பேனாக்கள் அகப்பட்டன. சீனர் என்று இருந்தவர் பல் டாக்டர் லீ ஒருவர்தான். கல்கத்தாவில் பிறந்தவர். பாலக்கரை ரோசரியைக் கட்டிக்கொண்டு, தமிழில் திட்டவும் பழகியிருந்தார். வீரமலையின் கடைவாய்ப் பல்லில் மருந்து வைத்து அடைத்தவரும் அவரே. இவ்வளவும் தெரிந்தும் வீரமலை வழிமொழிந்தார். அன்றைக்கு விழுந்த கைதட்டல் அவருக்குப் பிடித்திருந்தது.

சில நாட்களில் எல்லையில் சண்டை நின்றுவிட்டது. உறையூரில் தீர்மானம் அப்படியே இருந்தது. லீயின் நாற்காலியில் உட்கார ஆளில்லை.

மார்கழியில் வீரமலைக்கு அந்தப் பல் வலித்தது. கன்னம் வீங்கியது. ரோசரி கடைக்கு வந்தாள்.

"அவருதான் அனுப்புனாருண்ணே. வந்து உக்காருங்க, பாத்துடுவாரு."

"தீர்மானம் இருக்கேம்மா."

"நீங்க போட்டதுதானே?"

"நான் போடல. வழிமொழிஞ்சேன்."

"அதைத்தான் சொல்றேன். வழிமொழிஞ்சவரே வந்து உக்காந்தா மத்தவங்களும் வருவாங்க. கட்டடக்காரரு கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாருண்ணே. ஒரு ஆளு வந்தாப் போதும்."

"பொங்கல் கழிச்சுக் கூட்டம் இருக்கு. முறைப்படி ரத்து பண்ணிட்டு வரேன்."

"அதுவரைக்கும் பல்லு பொறுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பொறுத்தது. கூட்டத்தில் வீரமலை முதல் தடவையாக முன்மொழிந்தார்: அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும். யாரும் எழவில்லை.

"வழிமொழியுற ஆளே முன்மொழிஞ்சுட்டா நாங்க எங்கங்க போறது?" என்றார் தலைவர் வெள்ளைச்சாமி. சிரிப்பு அடங்க நேரமானது.

"பல்லு வலியில பேசுறாரு, விடுங்க" என்றது பின்வரிசை.

வழிமொழிய ஆளின்றி அது விழுந்தது. ரோசரி கேட்டதற்கு யாரும் வழிமொழிய வேண்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நடந்து போய் உட்கார்ந்தால் போதும்.

மறுநாள் காலை கிளம்பினார். லீயின் வாசலுக்கு எதிரே டீக்கடையில் வெள்ளைச்சாமியும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். வீரமலை நடையை மாற்றாமல் தாண்டிப் போய், ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பஸ் திரும்பி லீயின் வாசலிலேயே ஆள் ஏற்ற நின்றது.

லீ இறங்கி பஸ் ஜன்னலருகே வந்தார். துண்டால் மறைத்த கன்னத்தைப் பார்த்தார்.

"ஸ்ரீரங்கத்துல காட்டப் போறீங்களா, முதலாளி?"

வீரமலை தலையசைத்தார்.

"இடது பக்கம், மேல, கடைசிப் பல்லுன்னு சொல்லுங்க. பக்கத்துப் பல்லு நல்லாருக்கு. அதைப் புடுங்க விட்டுடாதீங்க."

ஸ்ரீரங்கத்தில் வீரமலை அதையே சொன்னார். "இவ்வளவு சரியா யார் பார்த்துச் சொன்னா?" என்று அந்த டாக்டர் கேட்டார். வீரமலை வலி தாங்காதவர்போல வாயைப் பொத்திக்கொண்டார்.

மாசியில் லீயும் ரோசரியும், சீனர் ஊர் மாற அப்போது வேண்டியிருந்த போலீஸ் அனுமதியை வாங்கிக்கொண்டு, கல்கத்தாவுக்கு ரயிலேறிவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னபோது வீரமலை ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தார். கணக்குத் தப்பியது. கயிற்றைக் கீழே போட்டு, மறுபடி முதலிலிருந்து அளந்தார்.