மேனேஜர் காரின் டிக்கி

கும்மிடிப்பூண்டியில் ஒரு செம்புக் கம்பித் தொழிற்சாலையின் கேட்டில் எனக்குக் காவல் வேலை. காலையில் சிரித்துப் பேசியவர்களின் பையையே மாலையில் பிரித்துப் பார்க்கும் பிழைப்பு. என் தெருப் பெண்களிடம் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னால், "இன்னாடி, சோத்துல கம்பியா ஒளிச்சி வச்சிக்கினு போறேன்?" என்று மானத்தை வாங்குவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்களுக்கு செக்யூரிட்டி ஆபீசராக வந்தார். சோழவரம் பக்கத்து ஆள். முதல் நாள் ஷிப்ட் முடிந்ததும் வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நின்று, தன் பையை என் மேஜையில் கொட்டினார். மூக்குக் கண்ணாடி, வேர்க்கடலைப் பொட்டலம், ஒரு ஜோடி சாக்ஸ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "நல்லாப் பாரும்மா" என்றார். தினமும் இதேதான். ஆபீசரே பையைத் திறக்கும்போது மற்றவர்கள் என்ன பேச முடியும்? தெருக்காரிகளின் வாய் தானாக அடங்கியது.

பிறகு ஓர் உத்தரவு போட்டார். வெளியே போகும் கார்களின் டிக்கியையும் பார்க்க வேண்டும், மேனேஜர் கார் உட்பட. எனக்குப் பகீரென்றது. முன்பிருந்த ஆபீசரும் இப்படித்தான் ஒரு வண்டியை நிறுத்தச் சொன்னார். பிரச்சினை வந்ததும் "நான் சொல்லவே இல்லை" என்று கையை விரித்துவிட்டார். நிறுத்திய காவலாளிக்கு வேலை போயிற்று. என் வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அன்று மாலை மேனேஜர் காரை நிறுத்தினேன். "யாரு உனக்குச் சொன்னது? நாளைக்கு நீ கேட்டுல இருக்கக் கூடாது" என்று கத்தினார். நான் வாயைத் திறக்கும் முன் சுபேதார் வந்து நின்றார்.

"நான்தான் சொன்னேன் சார். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

மேனேஜர் டிக்கியைத் திறக்காமலே காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். "நாளைக்கும் நீதான் இங்க" என்றார் சுபேதார் என்னிடம்.

மறுநாள் கார் வந்தது. சுபேதாரைத் தேடினேன். மனிதர் சற்றுத் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டியபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ள நான், டீ குடிக்க அவரா? அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. "டிக்கி சார்" என்றேன். மேனேஜர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இறங்கி வந்து அவரே திறந்தார். ஸ்டெப்னி டயரும் ஒரு குடையும் இருந்தன. "போதுமா?" என்றார். குரலில் சூடு இருந்தது, கத்தவில்லை.

கார் போனதும் நேராக சுபேதாரிடம் போனேன். "இன்னா சார், என்னை மாட்டிவுட்டுட்டு நீங்க பாட்டுக்கு டீ குட்ச்சிக்கினு கீறீங்க? திரும்பிக்கூடப் பாக்கல?"

"நான் பார்த்துக்கினே நின்னா, அவரு எனக்காகத்தான் திறப்பாரும்மா. கேட்டு உன்னுது" என்றார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பட்டாளத்துல ஒருத்தனைக் காவலுக்கு நிக்க வச்சிட்டா, மத்தவங்க போய்த் தூங்கிடுவோம். முழிச்சிக்கினு அவனையே பார்த்துக்கினு இருந்தா, அவனுக்கு இன்னா மரியாதை?"

ஊரையே சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். என்னை நம்பி ஒருவர் நிம்மதியாகத் திரும்பி நிற்பார் என்று நினைத்ததே இல்லை. கேபினுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.