பனி அள்ளுகிற சாமான்

போன மாதம் திருச்சிக்கு மூக்குக் கண்ணாடி வாங்கப் போனேன். வாங்கி வந்தது ஒரு மண்வெட்டி.

மண்வெட்டி என்று சொல்வதுகூட அதற்குச் செய்கிற மரியாதைதான். இரண்டு முறத்தைச் சேர்த்து வைத்தாற்போல் அகலமான தகரத் தட்டு. விளிம்பில் ஓர் இரும்புப் பட்டை. மார்பு உயரத்துக்கு மரப்பிடி. பிடியின் உச்சியில் கை நுழைய ஒரு வளையம். வெட்டலாம் என்றால் இதற்குக் கூர் இல்லை. வாரலாம் என்றால், அவ்வளவு அகலமாக வாரிக் கொட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

யுத்தம் முடிந்ததிலிருந்து பட்டாளத்துச் சாமான்கள் கடைத்தெருவுக்கு வந்து குவிகின்றன அல்லவா? கம்பளி, பூட்ஸ், கொசுவலை, தகர டப்பா... டிஸ்போசல் சரக்கு என்று காதில் விழுந்தால் போதும், என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஏற்கெனவே வீட்டில் ஒரு பாராசூட் பை இருக்கிறது. நான் எங்கிருந்தும் குதிப்பதாக உத்தேசம் இல்லை.

இது எதற்கான சாமான் என்று கடைக்கார பாயைக் கேட்டேன். யோக்கியமான மனிதர். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார்.

“அல்லாவுக்குத்தான் தெரியும் சார். ரெண்டு மாசமா மூலையில நிக்குது. நெல்லு தள்ளுங்க, சேறு தள்ளுங்க... உங்களுக்கு எது தோதோ அதத் தள்ளிக்குங்க.”

சேறு என்றதும் எனக்குப் பொறி தட்டியது. அரியலூரில் என் வீடு ரோட்டிலிருந்து இருபது எட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த இருபது எட்டும் கரிசல் மண். கார்த்திகை மழை பெய்தால் வாசலுக்கு வண்டி வராது, தபால்காரர் வர மாட்டார். நான் மட்டும்தான் வந்தாக வேண்டும். சரளை கொட்டச் சொல்லி என் மனைவி எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரளை எதற்கு? விஞ்ஞானம் இருக்கிறதே.

ரயிலில் அதை நட்டமாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்தவர் ரொட்டிக் கிடங்கு வைத்திருக்கிறேனா என்று விசாரித்தார். இன்னொருவர், யானைக்குச் சோறு வைக்கிற சாமான் இது, கோயிலில் பார்த்திருக்கிறேன் என்று அடித்துச் சொன்னார். இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவைத்தேன்.

வீட்டில் மனைவி முதலில் கேட்டது மூக்குக் கண்ணாடியை. அப்புறம்தான் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“ஏங்க, கண்ணாடி இல்லாம போனதாலதான் இத வாங்கிட்டு வந்தீங்களா?”

சில கேள்விகளுக்குக் காரியத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

கரிசல் சேறு என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒட்டிக்கொள்ளும். முதல் தள்ளலில் தட்டு நிறையச் சேறு. தூக்க முடியவில்லை. தூக்கினால் விழவில்லை. உதறினேன். சேறு அப்படியே இருந்தது, நான்தான் விழுந்தேன். அரை மணி நேரத்தில் வாசலிலிருந்த சேற்றில் பாதி சாமான் மேலும் மீதி என் மேலும் இருந்தது. அந்த அளவில் வாசல் சுத்தம்தான்.

இந்த நிலையில்தான் அந்தோணிசாமி அந்தப் பக்கமாக வந்தார்.

அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஐப்பசி மாதம் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் ‘கூட்ஸ் ஷெட் வீரர்’ என்று ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேனே... அவர்தான். எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட்டில் வேலை. யுத்தத்தில் இத்தாலி வரை போய்விட்டு வந்தவர். ரோடு போடுகிற படையில் இருந்தவர். அங்கே குளிர்காலத்தில் மார்பளவு பனி கொட்டுமாம். கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவராம். பனியை அள்ளுவதற்கென்றே தனியாக ஓர் அள்ளுவான் வீட்டுக்கு வீடு கதவோரம் சாத்தியிருக்குமாம். வீட்டுக்காரன் காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் தன் வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வழி போட வேண்டுமாம். இவர் தங்கியிருந்தது கால் ஊனமான ஒரு தையற்காரர் வீட்டில். ஆகவே அந்த வாசலை இவரே தினம் தள்ளுவாராம்.

பனி பெய்யும் என்பது எனக்குத் தெரியாதா? ஜியாக்ரபி படித்தவன் நான். ஆனால் அதை அள்ளத் தனிச் சாமானா? வீட்டுக்கு ஒன்றா? என் பேனா சும்மா இருக்குமா? ‘அப்படியானால் அந்த ஊரில் வெயிலை வாரிக் கொட்டவும் வீட்டுக்கு ஒரு சாமான் இருக்க வேண்டும்’ என்று எழுதினேன். பெயரைப் போடவில்லை. ஆனால் அரியலூரில் கூட்ஸ் ஷெட் ஒன்றுதான்; அதில் வீரரும் ஒருவர்தான். ஊர் சிரித்தது. எனக்குப் பரம திருப்தி. அந்தோணிசாமி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

அவர் படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். என் கையிலிருந்து சாமானை வாங்கினார். சேற்றை வழித்துப் போட்டார். தட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். இரும்புப் பட்டையைக் கட்டை விரலால் தடவினார்.

“எங்க சார் கெடச்சுது?”

சொன்னேன்.

“இதத்தான் சார் நான் சொன்னேன்.”

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

தட்டின் பின்பக்கம் இங்கிலீஷில் பொறித்திருந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அது வெறும் கீறல். என் மனைவி மூன்றாவது பாரம் வரை படித்தவள்; எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஸ்நோ. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு இதுவரை முகத்தில் பூசுவது என்றுதான் பொருள். ஆனால் முகத்தில் பூசுவதை இவ்வளவு பெரிய தட்டால் யாரும் அள்ள மாட்டார்கள் என்பது எனக்கே விளங்கியது.

எந்தப் புண்ணியவான் இதைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பிவைத்தானோ. இங்கே பனி பெய்து நாங்கள் சிரமப்படுவோம் என்று அவனுக்கு ஒரு கவலை.

ஏதாவது பேச வேண்டுமே என்று, இது சேற்றை அள்ளாதா என்று கேட்டேன். “சேத்துக்கு ஆவாது சார். பனி லேசு. பஞ்சு மாதிரி” என்றார். பிறகு, சாமானைச் சுவரில் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நீங்க எழுதினத எலாக்குறிச்சியில வாத்தியார் படிச்சுட்டார் சார்.”

எலாக்குறிச்சி வாத்தியார் சவரிமுத்து. அவருடைய மகள் பிலோமினாவுக்கும் இவருக்கும் பேச்சு முடிந்து, கிறிஸ்துமஸ் கழித்துத் தையில் கல்யாணம் என்று இருந்ததாம். வாத்தியார் என் கட்டுரையைப் படித்தார். இன்னார் என்று கண்டுபிடித்தார். புளுகனுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என்னைப் படிக்கிறவர்கள் மொத்தம் பத்துப் பேர்தான் என்று நான் பல தடவை வருத்தப்பட்டிருக்கிறேன். அந்தப் பத்தில் ஒருவர் பெண்ணைப் பெற்றவராக இருப்பார் என்று கண்டேனா?

என் மனைவி உள்ளே போய் என் சட்டையை எடுத்து வந்து நீட்டினாள். புறப்படு என்று அர்த்தம்.

சனிக்கிழமை அந்தோணிசாமியும் நானும் புறப்பட்டோம். கீழப்பழுவூர் வரை, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடுகிற கரி பஸ். பஸ் நம்மைச் சுமப்பது பாதி வழி, நாம் பஸ்ஸைத் தள்ளுவது பாதி வழி. இரண்டு தடவை இறங்கித் தள்ளினோம். சாமான் பஸ்ஸின் மேலே ஜம்மென்று படுத்து வந்தது. அப்புறம் மாட்டு வண்டி.

வாத்தியார் வீட்டை அடைந்தால், வாசலைக் காணோம்.

கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் வெள்ளையடிக்க நீற்றிய சுண்ணாம்பு வந்திருந்தது. வெள்ளையடிக்கிற பொறுப்பு வாத்தியாருடையது. ஆகவே வண்டிக்காரர்கள் பொறுப்பாக அவர் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வாசற்படியிலிருந்து தெரு வரைக்கும், பக்கத்து வீட்டு வாசலில் பாதியையும் சேர்த்து, இடுப்பளவுக்கு வெள்ளை வெளேர் என்று ஒரு மேடு. இரண்டு நாளாக வீட்டில் இருப்பவர்கள் கொல்லைப்புறமாகப் போய் வருகிறார்களாம்.

நாங்களும் கொல்லைப்புறமாகத்தான் போனோம். மன்னிப்புக் கேட்கப் போகிறவனுக்கு அது பொருத்தமான வழிதான்.

வாத்தியார் சாமானை வாங்கிப் பரீட்சைப் பேப்பர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். பொறித்திருப்பதைப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். இது பனி அள்ளுகிற சாமான்தான், ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஆனால் இவர் அள்ளினார் என்பதற்கு இது எப்படிச் சாட்சியாகும்? திருச்சியில் நீங்கள் வாங்கியதாலேயே நீங்களும் இத்தாலிக்குப் போனவர் ஆகிவிடுவீர்களா?

நியாயமான கேள்வி. அந்தோணிசாமியைத் திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம். சாமானையும் காணோம்.

தெருப்பக்கம் சரக் சரக் என்று சத்தம் கேட்டது. வாத்தியாரும் நானும் வாசற்கதவைத் திறந்து பார்த்தோம்.

அந்தோணிசாமி யாருக்காகவும் செய்துகாட்டவில்லை. வழி அடைத்துக் கிடந்தது, கையில் அள்ளுவான் இருந்தது. வேலையைத் தொடங்கிவிட்டார், அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துத் தட்டின் மேல் அழுத்தித் தேய்த்திருந்தார். முழங்காலை மடக்கி, ஒரு கை பிடியின் உச்சியில், இன்னொரு கை கீழே. தள்ளுவார், தூக்குவார், காற்று போகிற பக்கமாகத் தாழ்வாக வீசுவார். ஒரு துளி பறக்கவில்லை. தட்டில் ஒரு துளி ஒட்டவில்லை. கால் மணி நேரத்தில் வாசற்படியிலிருந்து தெருவுக்குக் கயிறு பிடித்தாற்போல் ஒரு வழி. இரண்டு பக்கமும் வெள்ளைக் கரை. அங்கேயும் நிற்கவில்லை, பக்கத்து வீட்டு வாசலுக்குத் திரும்பினார்.

“அது ஏன்?” என்று வாத்தியார் கேட்டார்.

“நம்ம வாசலோட நின்னுட்டா அவங்க எப்படிங்க வெளிய வருவாங்க? அங்கல்லாம் பக்கத்து வாசலையும் சேத்துத்தான் தள்ளுவோம்.”

மெழுகு எதற்கு? பனி தகரத்தில் ஒட்டாமல் இருக்கத் தினம் காலையில் தேய்ப்பார்களாம். தேய்க்காத ஆளுக்கு மத்தியானம் தோள் கழன்றுவிடுமாம்.

எனக்குக் கை துறுதுறுத்தது. நானும் ஒரு கை பார்க்கிறேன் என்று வாங்கினேன். முழங்காலை மடக்கினேன், அள்ளினேன், வீசினேன். காற்றை மட்டும் கேட்க மறந்துவிட்டேன். சுண்ணாம்பு முழுவதும் என் முகத்துக்கே திரும்பி வந்தது.

தண்ணீர் படக்கூடாது, எரியும் என்று யாரோ சொன்னார்கள். கதவோரத்திலிருந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணம் ஒன்று நீண்டது. பிலோமினா. கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏம்ப்பா, சண்டைக்குப் போயிட்டு வந்தவங்க பொய் சொல்றதா இருந்தா, பத்துப் பேரச் சுட்டேன்னு சொல்ல மாட்டாங்களா? வாசல் தள்ளினேன்னா வந்து சொல்லுவாங்க?”

எண்ணெய் தடவுவதை நிறுத்தினேன்.

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். இது எனக்குத் தோன்றவில்லை. பீரங்கியைத் தனியாளாகக் கைப்பற்றினேன் என்று அவர் சொல்லியிருந்தால், நானே அதை ஒன்றுக்கு இரண்டாக்கி அச்சில் ஏற்றி அவரைத் தியாகி ஆக்கியிருப்பேன். வாத்தியாரும் மாலை வாங்கி வந்திருப்பார். ஒரு நொண்டித் தையற்காரர் வீட்டு வாசலைச் சுத்தம் செய்தேன் என்று உள்ளதைச் சொன்னார் பாருங்கள்... அதற்குத்தான் சாட்சி கேட்டோம்! பெரிய பொய்க்கு நம்மிடம் எப்போதும் இடம் இருக்கிறது. சின்ன உண்மைதான் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

வாத்தியார் முன்வாசல் வழியாக இறங்கித் தெரு வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். வேட்டியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

“நான் நம்பிட்டேங்க” என்றார் என்னிடம். “ஆனா நான் நம்பினா போதாது. உங்க பத்திரிகை இந்த ஊர்ல ஏழெட்டு வூட்டுக்குக் கை மாறிப் போவுது. மாப்பிள்ளைய எல்லாரும் புளுகன்னே சொல்லிட்டிருந்தா எம் பொண்ணு எப்படிக் கோயிலுக்குப் போவா? கிறிஸ்துமஸ் கழிச்சு சாமியார் ஓலை வாசிக்கணும். அதுக்கு முன்னால நீங்க உங்க ஓலைய வாசிச்சுடுங்க.”

ஓலை என்பது கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லார் முன்னிலையிலும் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். இந்தக் கல்யாணத்துக்கு இருந்த ஒரே தடை நான்தான். ஆகவே எழுந்து சொல்கிறேன்:

ஐப்பசியில் நான் எழுதியது தவறு. இத்தாலியில் பனி மார்பளவு விழுகிறது. அதை அள்ளத் தனிச் சாமான் உண்டு. வீட்டுக்கு ஒன்று கதவோரம் சாத்தியிருக்கும். அரியலூர் கூட்ஸ் ஷெட் அந்தோணிசாமி சொன்னது அத்தனையும் நிஜம். புளுகியவன் நான், அதுவும் கையெழுத்துப் போட்டு.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள்; அதற்கு அடுத்த ஞாயிறு எலாக்குறிச்சியில் முதல் ஓலை. ஆட்சேபணை உள்ளவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம். தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள் — இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் நம்பிவிடுகிறேன்.