முதல் கட்டத்திலிருந்து

முன்னறையில் நாற்காலியைத் தரையோடு இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் வந்துவிட்டார். படுக்கையறையில், துணி தேய்க்கும் மேசைமேல் அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

மருந்துக் கிடங்கின் குளிர் அறைகளைப் பதினோரு வருஷமாகக் கவனித்து வருபவள் அவள். போன மாதம் இரண்டாம் அறையில் ஊசி மருந்துப் பெட்டிகள் கெட்டுப்போயின. பழி இவள் தலையில் விடிந்தது. 'என் கவனக்குறைவே காரணம்' என்ற கடிதத்தோடு, ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக வீடு தேடி வந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டால் வேலை போகும்; கூடவே பேரும் போகும்.

தையற்காரக் கணவர் உள்ளே எட்டிப் பார்த்து, பெரிய இடத்தோடு மோத வேண்டாம், கையெழுத்தைப் போட்டுவிடு என்று கெஞ்சினார்.

"கிழிச்சது வேற ஆளு. தைக்கிறது நானாங்க?" என்றவள் லேப்டாப்போடு வெளியே நடந்தாள்.

வெப்பநிலையைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானே குறித்துக்கொள்ளும் கருவி ஒன்று அந்த அறையில் உண்டு. அதன் ஃபைலை யாரும் திறந்ததே இல்லை. பள்ளிப் படிப்போடு நின்ற இவள் திறந்தாள். ஒரு மாதமாகப் பேருந்தில் வீடியோ பார்த்துப் பார்த்து, லேப்டாப்பில் 'நோட்புக்' என்ற செயலியில் பைத்தான் நிரல் எழுதப் பழகியிருந்தாள். திரையில் வரும் ஒரு கட்டத்துக்குள் இரண்டு வரி எழுதி ஓட்டினால், பதில் அதன் அடியிலேயே வந்து நிற்கும். இவள் கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன முதல் ஆள் அதுதான்.

அந்த ஃபைலிலிருந்து வரைந்த வெப்பநிலை கிராஃபை அவரிடம் காட்டினாள். அவர் சிரித்தார். படம் யார் வேண்டுமானாலும் வரைந்து வைக்கலாம் என்றார்.

"அப்போ உங்க கண்ணெதிர்லயே பழைய பதிலையெல்லாம் துடைச்சுட்டு, முதல் கட்டத்துலேர்ந்து ஓட்டுறேன் சார்."

ஓட்டினாள். பதில் வரவில்லை. சிவப்பு எழுத்தில் பிழை என்று வந்தது.

"பாத்தீங்களாம்மா, மெஷினே உங்களை நம்பல."

அவள் பிழை வந்த கட்டத்தைப் பார்த்தாள். காரணம் புரிந்தது. இத்தனை நாளும் கட்டங்களை மேலும் கீழுமாக, தோன்றியபடி ஓட்டியிருந்தாள். ஃபைலைத் திறக்கும் கட்டத்தை, இனி எதற்கு என்று என்றோ அழித்தும் விட்டாள். முன்பு திறந்தது லேப்டாப்பின் நினைவில் இருந்தவரை வண்டி ஓடியது. இப்போது துடைத்ததில் அந்த நினைவும் போய்விட்டது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். இவள் அதைத் தொடாமல், ஒற்றை விரலால் ஃபைலைத் திறக்கும் அந்த வரியை எல்லாவற்றுக்கும் மேலே அடித்தாள். மறுபடி ஓட்டினாள். கட்டங்களின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வரிசையாக விழுந்தன. கடைசியில் அதே கிராஃப். தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கோடு விறுவிறுவென்று ஏறி, நான்கு மணிக்குத்தான் இறங்கியது.

"என் ஷிப்ட் ஒரு மணிக்கே முடியுது. ரெண்டு மணிக்கு, லோடு ஏத்த அந்தக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்றது யாரு சார்?"

அவர் குரல் இறங்கியது. கடிதம் வேண்டாம், இதை அழித்துவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றார்.

"அழிக்க மாட்டேன். இன்னைக்கே இது தலைமை ஆபீசுக்குப் போகுது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நான் வேலைக்கு வரேன்."

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் அவசரமாகக் காலை நுழைத்தவரைக் கணவர் தடுத்தார்.

"சார், அது என் செருப்பு."

மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அவளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.