பாக்கெட்டுக்குள் இருந்த கை

கல்ஃபில், சத்வா என்ற இடத்தில் ஒரு ஃபர்னிச்சர் பாலிஷ் கடையில் எனக்கு வேலை. கல்யாண சீசன் வந்தால் அரபிகள் பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து போடுவார்கள். சுடுவதற்கில்லை, கல்யாண ஆட்டத்தில் தூக்கிப் போட்டுப் பிடிக்க. பிடி தவறி விழுந்து துப்பாக்கியின் மரக்கட்டையெல்லாம் சிராய்ந்திருக்கும். பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வால்நட் ஸ்டெயின் என்ற சாயம் ஏற்றி, மேலே எண்ணெய் தேய்க்க வேண்டும். துணியால் தேய்த்தால் கோடு விழும் என்று நான் வெறுங்கையால்தான் தேய்ப்பேன். கட்டை அழகாக மின்னும். என் கை திட்டுத்திட்டாகக் கறுத்துப்போகும். தின்னர் ஊற்றிக் கழுவினாலும் போகாது.

ஊரில் என்னை ஷோரூம் சேல்ஸ்மேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பித்தான் எனக்குப் பெண் பேசினார்கள்.

பெண்ணின் தாய்மாமா சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்தார், கம்பி கட்டும் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டபடியே "வாங்க மாமா" என்றேன். கும்பிடக்கூட இல்லை. ஓட்டலில் அவருக்கு மட்டும் பிரியாணி சொல்லிவிட்டு, வயிறு சரியில்லை என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். பில் கொடுக்கும்போதுதான் கை வெளியே வந்தது. அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த தடவை போன் செய்தபோது அம்மா அழுதாள்.

"கையில ஏதோ தோல் வியாதியாமேடா? சம்பந்தம் வேணாம்னுட்டாங்க."

வியாதிக்காரன் என்ற பெயரைவிட உண்மையே மேல் என்று சோனாப்பூருக்கு ஓடினேன். குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் இரண்டு கையையும் நீட்டினேன்.

"வியாதி இல்ல மாமா, சாயம். துப்பாக்கிக் கட்டைக்குப் பாலிஷ் போடுறேன். சேல்ஸ்மேன்லாம் இல்ல."

ஈரக்கையோடு என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

"அப்ப வீட்டுல பேசுறீங்களா மாமா?"

அவர் கையை விட்டுவிட்டார்.

"வியாதின்னா வைத்தியம் பாத்துக்கலாம் தம்பி. எங்க புள்ள எட்டாவதுதான் படிச்சிருக்கு. நாலு பேரு வந்தா அதை எந்தப் பாக்கெட்டுல ஒளிச்சு வைப்பீங்க?"

கேம்ப் வாசலுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அப்போதும் கை இரண்டும் பாக்கெட்டுக்குள்தான் இருந்தன.