கடைக்கால் குழியில் ஒரு பிள்ளை

என் மகள் இருமினால் என் கண் தானாகச் சமையலறைத் தரைக்குப் போகும். மருந்து கொடுப்பேன், வெந்நீர் வைப்பேன், நெஞ்சில் தைலம் தடவுவேன். ஆனாலும் கண் அங்கேதான் நிற்கும். பதினோரு வருஷமாக இப்படித்தான். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள் இப்படிப் பயப்படலாமா என்று என்னை நானே கேட்டுக்கொள்வதும் பதினோரு வருஷமாகத்தான்.

எண்பதுகளின் நடுவில் மாடம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கினோம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கால்மணி நேரம் நடக்க வேண்டும். சுற்றிலும் வேலிக்கருவையும் எல்லைக் கற்களும்தான். அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்தபோது எனக்கு நாலாம் மாதம். வயிற்றில் ஏழாம் மாதம் தொடங்கிவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொல்லிவிட்டார்கள். பிறகு பிரசவம், தீட்டு, குழந்தைக்கு மாதங்கள் ஆக வேண்டும் என்று ஒரு வருஷம் போய்விடும். அந்த ஒரு வருஷ வாடகையை விட, கைக்குழந்தையோடு பொதுக் குழாயடியில் நிற்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. கூரை மட்டுமாவது போட்டு உள்ளே போய்விட வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கணவர் காலை ரயிலில் பீச் ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸுக்குப் போய்விடுவார். ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கவும் வேலையைப் பார்க்கவும் பத்து மணிக்கு நான் போவேன். ஒரு நாள் போனபோது எல்லாரும் தென்கிழக்கு மூலைக் குழியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

“இன்னாவோ பானை கீதும்மா,” என்றார் மேஸ்திரி.

“புதையல்மா! எங்களுக்கும் பங்கு குடுத்துடு, ஆமா,” என்று மண்வெட்டி பிடித்தவர் சிரித்தார்.

“உனக்கு எதுக்கு பங்கு? சாயங்காலமே சாராயக் கடையில குடுத்துட்டு வந்துடுவே,” என்றாள் மண் சுமக்கும் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். தடித்த விளிம்பு, சிவந்த மண், கூம்பிய அடி. என் இடுப்பு உயரம்கூட இல்லை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. முதுமக்கள் தாழி. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பானை. இறுதித் தேர்வில் இதற்கு இரண்டு பக்கம் விடை எழுதி, படமும் போட்டிருந்தேன்.

மேஸ்திரி கையால் மண்ணை எடுத்தார். முதலில் ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. அதன் அடியில் நெல் உமி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே எலும்பு. பென்சிலைவிட மெல்லியதாக.

“ஐயோ, கொயந்தைடா,” என்றாள் அந்த அக்கா. உடனே என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “புள்ளத்தாச்சி நீ பாக்காதம்மா. அந்தாண்ட போ.”

நான் போகவில்லை. மேஸ்திரி எழுந்து என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

“மனைல எலும்பு கிடைச்சுதுன்னு சொன்னா சார் நேரா ஜோசியராண்ட போவாரு. அவரு பரிகாரம்பாரு, இல்லாங்காட்டி மனையே வாணாம்பாரு. வேலை நின்னுடும். நீ இன்னா சொல்றே?”

அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. எழும்பூர் மியூசியத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், யாராவது வந்து பார்ப்பார்கள். வருகிறவரை வேலையை நிறுத்த வேண்டும். எத்தனை நாள்? பத்து நாளா, மூன்று மாதமா? எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

“ஏதோ பழைய பானை. எடுத்துப் போட்டுட்டு வேலையப் பாருங்க,” என்றேன். “சார்கிட்ட சொல்ல வேணாம்.”

கடப்பாரையால் இரண்டு இடி. பெரிய ஓடுகளை அந்த மூலையிலேயே, தரைக்கு அடியில் வரும் பேஸ்மென்ட்டில் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். இன்றைக்கு அங்கேதான் என் சமையலறை. எலும்புகளைச் சிமெண்டு சாக்கில் கட்டி ஏரிக்கு எடுத்துப் போனார்கள். அந்த அக்கா மட்டும் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்துக் குழிக்குள் போட்டாள். கிண்ணத்தை நான் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். எதற்கு என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

ஆறாம் மாதம் முடிவதற்குள் பால் காய்ச்சினோம்.

மகள் பிறந்த மூன்றாம் மாதமே அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. புது வீட்டு ஈரம், சிமெண்டு வாடை என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டினேன். அடுத்த அமாவாசையன்று தென்கிழக்கு மூலையில், சுவருக்கு வெளியே, ஒரு பிடி சோறு வைத்தேன். காக்காய்க்கு என்று கணவரிடம் சொன்னேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவளோ ஒருத்தி தன் பிள்ளைக்குப் பக்கத்தில் நெல் வைத்துப் புதைத்தாள். அதைக் கலைத்தவள் நான், திரும்பவும் சோறுதான் வைக்கிறேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பழைய நாகரிகம் என்று தேர்வில் எழுதியபோது அது முடிந்துபோன ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஆறாம் வகுப்பில் மகளுக்கு நாகரிகங்கள் பாடம் வந்தது. நைல் நதி, சிந்துவெளி எல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அதோடு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊரில் உள்ள பழமையான ஒன்றைப் பற்றி எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்கி வரவும்.

“எல்லாரும் கோயிலைத்தான்மா எழுதப் போறாங்க. வேற ஏதாச்சும் பழசு இருக்கா இங்க?”

“ஒண்ணும் இல்லை.”

“நம்ம ஏரியாவே சுத்த வேஸ்ட்மா. அவங்கல்லாம் பிரமிடு கட்டும்போது இங்க யாருமே இல்லை போல.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்தேன். அந்தத் தரைமேல் நின்றுகொண்டுதான் என் பெண்ணிடம் இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தேன். எலும்பைத் தூக்கி எறியச் சொன்னபோதுகூட இப்படி உறுத்தவில்லை.

பரண்மேல் பழைய புடவைக்குள் சுற்றி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“பாக்கியெல்லாம் எங்கம்மா?”

தரையைக் காட்டினேன். சட்டென்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். “அமாவாசைக்குச் சோறு அதுக்குத்தானா?” என்றாள். தலையாட்டினேன். “அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொல்லாதே,” என்றேன். சொன்ன வாயை மூடுவதற்குள் அது தப்பு என்று பட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நோட்டை என்னிடம் நீட்டினாள். “நீயே கையெழுத்துப் போட்டுடும்மா.”

பென்சிலில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு குழந்தையின் தாழி இருந்தது. அதில் ஒரு கிண்ணமும் நெல்லும் இருந்தன. வீடு கட்ட வந்த ஆட்கள் தெரியாமல் அதை உடைத்துவிட்டார்கள். என் அம்மா மிகவும் வருத்தப்பட்டார்.

மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக யோசித்து எழுதிய பொய் அது. அந்த மேஸ்திரி என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். சோறு போட்ட அக்காவும் அந்த ஆட்களில் ஒருத்திதான்.

“ரப்பர் எங்கே?” என்றேன்.

அந்த வரியை அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது. “எழுது. வீட்டு வேலை நின்றுவிடும் என்பதால் என் அம்மா அதை உடைக்கச் சொன்னார்.”

“அம்மா, மிஸ் படிப்பாங்களே!”

“படிக்கட்டும்.”

உதட்டைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். எழுதி முடித்ததும் கையெழுத்துக்காகப் பேனாவை என் பக்கம் தள்ளினாள். ஹாலில் கணவர் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது.

“எனக்கு வேணாம்,” என்றேன். “அப்பாகிட்ட வாங்கிக்கலாம். வா.”

அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.