ரெண்டு கோட்டுக்காரரின் பல்

பெயின்ட் கடைக்காரருக்கு மார்க்கெட்டில் 'ரெண்டு கோட்டு' என்று பெயர். எந்தச் சுவரைப் பற்றிக் கேட்டாலும் "ரெண்டு கோட்டு அடிங்க, பளிச்சுனு ஆயிடும்" என்பார். முப்பது வருடமாக இதே வசனம்தான். உலகத்தைப் பற்றி அவருக்கு வேறு கருத்து எதுவும் இருந்ததாகத் தகவல் இல்லை.

வியாபாரிகள் சங்கத் தலைவர் தேர்தலில் மூன்று முறை நின்று மூன்று முறையும் மண்ணைக் கவ்வியவர் அவர். நான்காவது முறை நிற்பது என்று முடிவானதும் உறுப்பினர் பட்டியலைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தார். தினமும் பத்து டீயும் ஒரு பாக்கெட் சிகரெட்டும் தின்று தீர்த்த பல்வரிசை, நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி நிறத்தில் இருந்தது. தோல்விக்கு அப்போதுதான் அவருக்குக் காரணம் கிடைத்தது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா மார்க்கெட்ல தலைகாட்ட முடியாதுடி" என்றார் மனைவியிடம்.

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?" என்றாள் அவள்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. பல் டாக்டரிடம் போனார். டாக்டர் அவர் மகள் வயதுப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி நிதானமாகப் பார்த்தாள்.

"சார், மேல படிஞ்சிருக்கிற டீக்கறை, சிகரெட் கறை க்ளீன் பண்ணாலே பாதி போயிடும். ஆனா முன்பல்லு ரெண்டுக்கும் மேல உறை மாதிரி கேப் போட்டிருக்கீங்களே?"

"ஏணியிலேருந்து விழுந்தேன். பதினஞ்சு வருஷமாச்சு."

"வெளுக்கிற மருந்து சொந்தப் பல்லுலதான் வேலை செய்யும். கேப் அப்படியேதான் நிக்கும். வெளுத்து ரெண்டு வாரம் விட்டு, நிறம் நிலைச்ச அப்புறம் கேப்பையும் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தணும். ஈறு வேற இறங்கி வேர் தெரியுது. அதைக் கவனிக்காம மருந்து வெச்சா கூசித் தள்ளிடும். இப்போதைக்கு உங்களுக்கு இது சரிப்படாது."

"ஏம்மா, வெள்ளையப் பத்தி எனக்கே சொல்றியா? என் கடையில நாப்பது வெள்ளை வெச்சிருக்கேன். ரெண்டு கோட்டு வெச்சா எது வெளுக்காது?"

"டைல்ஸ் மேல சுவர் பெயின்ட் அடிக்கணும்னு ஒருத்தர் கேட்டா என்ன சொல்வீங்க?"

"அறிவில்லையான்னு கேப்பேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். வாக்குவாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இவர் எழுந்தார்.

அடுத்த தெருவில் முடி வெட்டி, முகம் கழுவி, பல்லும் வெளுத்துக் கொடுக்கும் ஓர் அழகு நிலையம் இருந்தது. கேப்பைப் பற்றியோ ஈறைப் பற்றியோ அங்கே யாரும் வாய் திறக்கவில்லை; அவரை மட்டும் திறக்கச் சொன்னார்கள். பசையைத் தடவி நீல விளக்கைக் காட்டினார்கள். ஒரு தடவை போதும் என்றவர்களிடம், "ரெண்டு கோட்டா போடு" என்று அதட்டினார். மறுநாளும் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து பல்லைக் காட்டியதும் மனைவி கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"ஐயையோ, என்னங்க இது? நடுவுல ரெண்டு மட்டும் மஞ்சளாயிடுச்சு!"

"ஆகலடி! அது எப்பவும் மஞ்சள்தான்! மத்ததுதான் வெள்ளையாயிருக்கு!"

கத்தியபோது உள்ளே போன காற்று பல்லின் வேர்வரை குத்தியது. மறுபடி டாக்டரிடம் ஓடினார். கேப்பை உடனே மாற்ற முடியாது என்றாள். இப்போது எந்த நிறத்தில் செய்தாலும் பிறகு ஒத்துப்போகாதாம்.

"சரி, அப்ப மத்ததைப் பழையபடி மஞ்சளாக்கிவிடு."

"அந்த வேலைய நீங்களே நல்லா செய்வீங்க சார். ஆனா ஒரு வாரத்துல முடியாது" என்றவள், கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

தேர்தல் கூட்டம் ஏசி போட்ட ஹாலில் நடந்தது. மேலுதட்டைப் பாதி ஷட்டர் மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு பேசினார். முணுமுணுப்புதான் வந்தது.

"வாயத் திறந்து பேசுங்கண்ணே, ஒண்ணும் வெளங்கல!" என்று பாத்திரக் கடைக்காரம்மா கடைசி வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்.

திறந்தார். குளிர் பட்டு முகம் கோணியது. முன்வரிசையில் இருந்த தையற்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ரெண்டு பல்லு மிச்சமிருக்கும்போது டப்பா காலியா?" என்றார். ஹாலே சிரித்தது.

அந்த இடத்தில் தானும் சேர்ந்து சிரித்திருந்தால் நாலு ஓட்டாவது கூட விழுந்திருக்கும். அவ்வளவு அறிவு எங்கிருந்து வரும்? நெஞ்சை நிமிர்த்தி, "மருந்துல கோளாறு இல்ல. பல்லுதான் சரியில்ல" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. உரிந்துபோன பெயின்டைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர்களை "பெயின்ட்ல கோளாறு இல்ல, உங்க சுவருதான் சரியில்ல" என்று இவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஹாலில் பாதிப் பேருக்கு அந்த அனுபவம் இருந்தது.

எதிர்த்து நின்ற இரும்புக் கடைக்காரருக்கு அறுபத்தெட்டு ஓட்டு. இவருக்கு ஒன்பது. ஜெயித்தவர் காவிப் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டே வந்து கைகொடுத்தார்.

மறுநாள் காலையிலேயே டாக்டர் வாசலில் நின்றார் ரெண்டு கோட்டு. மிச்சமுள்ள பல் எல்லாவற்றுக்கும் கேப் போட வேண்டுமாம். கேப் மாட்டுவதற்காக நல்ல பல்லை ராவ மாட்டேன் என்றாள் அவள்.

"ஊர்ல நீ ஒருத்திதான் டாக்டரா?" என்று எழுந்து, அடுத்த தெருப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.